தேர்தல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்

போன மாதம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். விருத்தாசலத்துக்காரர். இந்த ஜார்க்கண்ட் கோலியரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இங்கே தமிழ்க் குடும்பம் மொத்தம் ஏழுதான் என்பதால், யார் வீட்டில் என்ன நடந்தாலும் மற்ற ஆறு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அண்ணன் சங்கத்தின் கிளைச் செயலாளர் பதவிக்கு நிற்கிறார் என்பதும் அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு மதராஸி நிற்கிறாரா என்று முதலில் சிரித்தவர்கள்கூட, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். மனுஷருக்கு அவ்வளவு பழக்கம்.

விஷயம் இதுதான். பதினான்கு வருஷமாகச் செயலாளராக இருப்பவர் சங்கத்து ஜீப்பிலேயே ஓட்டுக் கேட்டுப் போகிறார். சங்கத்து நோட்டீஸ் போர்டில் அவர் படம் மட்டும்தான். உறுப்பினர் பட்டியலை அண்ணன் கேட்டால், "தருகிறோம்" என்கிறார்கள், தருவதில்லை. மேல் கமிட்டிக்கு எழுதிப் போட்டார். கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்களாம்: "பெஹலே சுனாவ் ஹோ ஜானே தீஜியே." முதலில் தேர்தல் முடியட்டும்.

"முடிஞ்சப்புறம் அந்த ஜீப்ப பத்தி நான் பேசி என்ன தம்பி ஆவப்போவுது?" என்றார் அண்ணன்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது ஒரு அமெரிக்கப் பெயர். யப்லான்ஸ்கி. நான் நெய்வேலியில் வளர்ந்து, சுரங்கப் பொறியியல் படித்து, வென்டிலேஷன், பாதுகாப்பு என்றே காலம் தள்ளுகிறவன். ஃபார்மிங்டன் விபத்து எங்களுக்கு ஒரு பாடம். அந்த விபத்தைத் தேடிப் படிக்கப் போய், அதன் பின்னாலிருந்த சங்கத் தேர்தல் கதையில் மாட்டிக்கொண்டேன். அன்று ராத்திரி அண்ணனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968 நவம்பர் 20. மேற்கு வர்ஜீனியாவில் ஃபார்மிங்டன் 9-ஆம் எண் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்த 99 பேரில் 78 பேர் மேலே வரவில்லை. சங்கத் தலைவர் சம்பவ இடத்துக்கு வந்தார். யுனைடெட் மைன் ஒர்க்கர்ஸ் என்ற அந்தச் சங்கம் 1890-இல் தொடங்கியது, நாற்பது வருஷம் ஜான் எல். லூயிஸ் தலைமையில் இருந்த பெரிய சங்கம். 1963-இலிருந்து அதன் தலைவர் டோனி பாயில். புகை அடங்காத சுரங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒத்துழைப்பிலும் பாதுகாப்பிலும் இது நல்ல கம்பெனிகளில் ஒன்று என்கிற மாதிரி பேசினார் பாயில். புருஷன் உள்ளே கிடக்கிறான், வெளியே பெண்டாட்டி நிற்கிறாள், அவன் சந்தா கட்டிய சங்கத்தின் தலைவர் முதலாளிக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார்! அடுத்த மூன்று மாதத்தில், 1969 பிப்ரவரியில், மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நிலக்கரித் தூசு படிந்து நுரையீரல் கெட்டுப்போகிறவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்பதற்காக. சங்கத் தலைமையை நம்பாமல் அவர்களாகவே செய்தது.

இந்தச் சூட்டில்தான் 1969 மே 29-ஆம் தேதி வாஷிங்டனில் ஒருவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பாயிலை எதிர்த்து நிற்கிறேன் என்றார். ஜோசப் யப்லான்ஸ்கி. வயது 59. சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய அப்பா சுரங்க விபத்தில் செத்தவர்.

அவரை மகாத்மா ஆக்க வேண்டாம். பல வருஷம் அதே தலைமைக்குள் இருந்தவர்தான். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து பாயிலைப் புகழ்ந்தும் பேசியிருக்கிறார். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று எதிராளி கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். ஆனால் தேர்தலில் நிற்க ஒருவர் யோக்கியராக இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லையே. போட்டி யோக்கியமாக நடந்தால் போதும்.

அங்கேதான் சட்டம் வருகிறது. அமெரிக்காவில் சங்கத் தேர்தலுக்கென்றே 1959-இல் ஒரு சட்டம் போட்டார்கள். லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் என்று பெயர். அதில் பிரச்சாரம் பற்றிய பகுதியைப் படித்தால் நம் அண்ணன் கண்ணீர் விடுவார். சங்கப் பணத்தை எந்த வேட்பாளருக்காகவும் செலவழிக்கக் கூடாது. ஒரு வேட்பாளர் தபால் செலவைக் கொடுத்தால், அவருடைய நோட்டீஸை உறுப்பினர்களுக்குச் சங்கம் அனுப்பியே ஆகவேண்டும். சில வகைச் சங்கங்களில், தேர்தலுக்கு முந்தைய 30 நாளுக்குள் ஒரு தடவை உறுப்பினர் பட்டியலைப் பார்க்கலாம். பூத்திலும் எண்ணும் இடத்திலும் தன் ஆளை உட்கார வைக்கலாம்.

இவ்வளவு எழுதியவர்கள் ஒரு முடிச்சும் போட்டு வைத்தார்கள். தபால், பட்டியல் மாதிரி ஓரிரு உரிமைகளுக்கு மட்டும் வேட்பாளரே தேர்தலுக்கு முன் கோர்ட்டுக்குப் போகலாம். மற்ற மீறல்களுக்கெல்லாம் முதலில் தேர்தல் முடிய வேண்டும். பிறகு சங்கத்துக்குள்ளேயே முறையிட வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், அல்லது மூன்று மாதம் பதிலே வராவிட்டால், ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் அமைச்சரிடம் புகார் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்து, முகாந்திரம் இருந்தால் வழக்குப் போடுவார். சங்கங்களின் உள்விவகாரத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சங்கம் நடத்திப் பார்த்தவர்கள் அந்தப் பயத்தைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

யப்லான்ஸ்கி தன் நோட்டீஸைத் தபாலில் அனுப்பச் சொன்னார். சங்கம் மறுத்தது. ஜோசப் ரௌ என்ற வக்கீல் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கினார். சங்கத்தில் அவர் வகித்த இன்னொரு பொறுப்பிலிருந்து பாயில் அவரை நீக்கினார். மறுபடியும் கோர்ட். மறுபடியும் அவருக்குச் சாதகம். அடுத்தது சங்கப் பத்திரிகை. உறுப்பினர் வீடுகளுக்கெல்லாம் போகும் பத்திரிகை, அவர்கள் சந்தாவில் அச்சாவது. அதில் பக்கத்துக்குப் பக்கம் பாயில் படம், பாயில் புகழ். எதிர்த்து ஒருவர் நிற்கிறார் என்பதே அதைப் படித்தால் தெரியாது. இதற்கும் வழக்கு. பத்திரிகையைப் பிரச்சாரக் கருவியாக்கக் கூடாது என்று 1969 செப்டம்பரில் நீதிபதி தடை விதித்தார். ஆனால் எனக்கும் சமமாக இடம் கொடுங்கள் என்று யப்லான்ஸ்கி கேட்டது கிடைக்கவில்லை. அதற்குள் எத்தனை இதழ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கும்! நம் அண்ணனின் நோட்டீஸ் போர்டு கதைதான், பெரிய அளவில்.

அந்த ஜூன் மாதம் மட்டும் எவ்வளவு நடந்தது பாருங்கள். பழைய தலைவர் லூயிஸ் காலமானார். அவர் இடத்தில் ஓய்வூதிய நிதியின் அறங்காவலராகப் பாயில் வந்தார். வந்த சூட்டோடு மாத ஓய்வூதியம் 115 டாலரிலிருந்து 150 டாலராக ஏறியது. ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓட்டு உண்டு, ஆயிரக்கணக்கில். இதைப் பிரச்சாரச் செலவு என்பதா, தலைவரின் கடமை என்பதா? இன்றைக்கும் நம் ஊர்த் தேர்தல்களில் பதில் கிடைக்காத கேள்வி அது. அதே ஜூன் 28-ஆம் தேதி இல்லினாய் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் கூட்டம் பேசிவிட்டு நின்ற யப்லான்ஸ்கியை யாரோ பின்னாலிருந்து கழுத்தில் அடித்து மயங்கி விழ வைத்தார்கள்.

அதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 23-ஆம் தேதி, சங்கத் தலைமை அலுவலகத்தில் பாயில் தன் ஆட்கள் இரண்டு பேரிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டார். யப்லான்ஸ்கியைக் கொன்றுவிட வேண்டும் என்று. இது அப்போது யாருக்கும் தெரியாது.

ரௌ ஜூலையிலிருந்தே தொழிலாளர் துறைக்கு எழுதிக்கொண்டிருந்தார். மீறல்களைப் பட்டியல் போட்டு, இப்போதே விசாரணை தொடங்குங்கள், தேர்தல் முடிந்தபின் பிரயோஜனமில்லை என்று. அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் சம்மதிக்கவில்லை. தேர்தலுக்கு முன் விசாரிப்பதில்லை என்பது துறையின் நீண்டநாள் கொள்கையாம். முதலில் சங்கத்துக்குள் முறையிட்டு முடிக்க வேண்டுமாம். சங்கத்துக்குள் யாரிடம் முறையிடுவது? மாவட்டக் கிளைகளில் பெரும்பாலானவற்றில் நிர்வாகிகள் தலைமை நியமித்த ஆட்கள். பாயிலின் சகோதரர் ஒரு மாவட்டத் தலைவர், மகள் சங்கத்தின் சம்பளத்தில் வக்கீல்.

இதில் எனக்கு ஒரு சின்ன வாதம் உண்டு. விசாரிக்கும் அதிகாரம் தேர்தலுக்குப் பிறகுதான் பிறக்கிறது என்று சட்டத்தை அப்படி இறுக்கிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது ரௌவின் கட்சி. மீறல் நடந்ததா என்று பார்க்கத் துறைக்குத் தனியாக ஒரு விசாரணை அதிகாரம் அதே சட்டத்தில் இருந்தது. அமைச்சர் மனது வைத்திருந்தால் முடிந்திருக்கும் என்றுதான் எனக்கும் படுகிறது.

1969 டிசம்பர் 9, தேர்தல். பாயில் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தார். யப்லான்ஸ்கி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இனி "அப்புறம்" வந்துவிட்டதல்லவா, சட்டம் சொன்ன வழியில் முறையிடத் தொடங்கினார்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் அறிமுகமில்லாத ஆட்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, வேலை கேட்பதுபோல் பேசிவிட்டுப் போனார்கள். அவருக்குச் சந்தேகம். கார் நம்பரை ஒரு தாளில் குறித்து வைத்தார். டிசம்பர் 30-ஆம் தேதி, சுரங்கப் பாதுகாப்புக்கான புதிய மத்தியச் சட்டத்தில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்டார். ஃபார்மிங்டன் பிணங்களின் மேல் எழுந்த சட்டம், யப்லான்ஸ்கி பேசிக்கொண்டிருந்த விஷயம். அதற்கு மறுநாள், டிசம்பர் 31 விடிவதற்கு முன், பென்சில்வேனியாவில் கிளார்க்ஸ்வில் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குள் மூன்று பேர் புகுந்து, அவரையும் மனைவி மார்கரெட்டையும், 25 வயது மகள் ஷார்லட்டையும் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஐந்து நாள் யாருக்கும் தெரியவில்லை. ஜனவரி 5-ஆம் தேதி மகன் கென்னத் போய்ப் பார்த்தார்.

தாளில் குறித்த அந்தக் கார் நம்பர் போலீசுக்கு உதவியது. ஜனவரி முடிவதற்குள் சுட்டவர்கள் பிடிபட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், சங்கத்தின் ஒரு மாவட்டக் கிளை. ஓய்வு பெற்ற தொழிலாளிகள் பெயரில் ஒரு கமிட்டி, அவர்களுக்குச் செக், அவர்கள் பணமாக்கித் திருப்பித் தர வேண்டும். இப்படி 20,000 டாலர். சந்தாப் பணம்! தேர்தல் நேரத்தில் கொன்றால் சந்தேகம் நேராகத் தங்கள் மேல் விழும் என்று ஓட்டுப்பதிவு முடியும்வரை தள்ளிப்போட்டிருந்தார்கள். அமைச்சரும் தேர்தல் முடியக் காத்திருந்தார், கொலைகாரர்களும் காத்திருந்தார்கள்.

விசாரணை ஜூலையில் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அண்ணன் இதைத்தான் கேட்டார். நான் என்ன சொல்வது? கட்டளை ஜூன் மாதமே போய்விட்டது. ஆனால் அரசாங்க ஆட்கள் கிளை கிளையாகக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், ஒரு மாவட்டக் கிளையில் கள்ளக் கமிட்டி வைத்து 20,000 டாலர் எடுக்க ஒருவனுக்குக் கை வந்திருக்குமா என்று ஒரு யோசனை.

ஜனவரி 8-ஆம் தேதி தொழிலாளர் துறை விசாரணையைத் தொடங்கியது. மூன்று பிணம் விழுந்தபிறகு, 200-க்கும் மேற்பட்ட விசாரணையாளர்களோடு. மார்ச்சில் அமைச்சர் வழக்குப் போட்டார். இங்கே இன்னொரு வேடிக்கை. பாதிக்கப்பட்டது உறுப்பினர்கள், ஆனால் வழக்கு நடத்தும் உரிமை அமைச்சருக்கு மட்டும். மைக் டர்போவிச் என்ற சுரங்கத் தொழிலாளி, யப்லான்ஸ்கியின் பிரச்சாரத்தில் வேலை செய்தவர், எங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1972 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. 1972 மே 1-ஆம் தேதி — மே தினம், அமெரிக்காக்காரர்கள் கொண்டாடுவதில்லை என்றாலும் — நீதிபதி வில்லியம் பிரையன்ட் 1969 தேர்தலைச் செல்லாது என்றார். சங்கப் பணமும் சங்கப் பத்திரிகையும் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டது, பல இடங்களில் ரகசியமாக ஓட்டுப் போட வழியே இல்லாதது, இவையெல்லாம் நிரூபணமாயின. அதாவது, 1969 கோடையில் ரௌ எழுதிய கடிதங்களில் இருந்த அதே சமாச்சாரம்.

மறுதேர்தல் 1972 டிசம்பரில், தொழிலாளர் துறையின் மேற்பார்வையில். இந்தத் தடவை பத்திரிகையில் எல்லோருக்கும் சம இடம் என்று நீதிபதியே உத்தரவிட்டிருந்தார். அர்னால்ட் மில்லர் என்ற நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளி 70,373 ஓட்டு, பாயில் 56,334. மூன்று வருஷத்துக்கு முன் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த அதே பாயில். 1974-இல் கொலை வழக்கில் தண்டனை, மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1978-இல் மறுபடியும் தண்டனை. 1985-இல் கைதியாகவே செத்தார். சார்லஸ் பிரான்சன் யப்லான்ஸ்கியாக நடித்து ஒரு படம்கூட 1986-இல் வந்தது. மில்லர் நல்ல நிர்வாகியாக அமையவில்லை என்பது தனிக் கதை.

பிற்பாடு டிரக் டிரைவர்களின் பெரிய சங்கமான டீம்ஸ்டர்ஸில் வேறு வழி செய்தார்கள். மாஃபியா பிடியிலிருந்து சங்கத்தை மீட்க அரசு வழக்குப் போட்டு, 1989-இல் ஒரு கோர்ட் ஒப்பந்தம் ஆனது. அதன்படி சங்கத்துக்கு வெளியே ஒரு தேர்தல் அதிகாரி. பிரச்சாரத் தகராறு என்றால் நடந்த சில நாளுக்குள் அவரிடம் புகார், பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு, அதன்மேல் ஒரு அப்பீல். வேட்பாளர்களின் விளம்பரத்துக்குச் சங்கப் பத்திரிகையில் பக்கம். கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஓட்டுக் கேட்க உரிமை. 1991-இல் முதல்முறையாக உறுப்பினர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ரான் கேரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதுவும் மந்திரக்கோல் இல்லை. 1996-இல் கேரி மறுபடி ஜெயித்தார். சங்கப் பணம் வெளி அமைப்புகளுக்குப் போய், பதிலுக்கு அவர் பிரச்சாரத்துக்கு நன்கொடை வந்தது பிறகுதான் தெரிந்தது. 1997 ஆகஸ்டில் தேர்தல் ரத்து, நவம்பரில் கேரிக்கு மறுதேர்தலில் நிற்கவே தடை. 2001-இல் அவர் மேல் இருந்த கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நோட்டீஸ் போர்டு, பட்டியல், வண்டி மாதிரித் தகராறுகள் தேர்தலுக்கு முன்பே ஒரு மேஜையில் வைத்துப் பேசி முடிக்கக் கூடியவைதான் என்பது அங்கே தெரிந்தது.

நம் ஊர் சமாச்சாரம் வேறு. எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று பார்க்க ரயில்வேயில் 2007, 2013, 2024-இல் ரகசிய ஓட்டெடுப்பு நடந்ததைப் பல வீடுகளில் அறிவீர்கள். அது சங்கத்துக்கும் சங்கத்துக்கும் போட்டி. ஒரே சங்கத்துக்குள் நிர்வாகிகள் தேர்தல் என்றால், 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தில் பிரச்சாரம் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. அப்போதெல்லாம் பதிவாளரிடம் போனால், பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார். சிவில் கோர்ட்டில் பிள்ளைகள் கல்யாணம் முடிந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 22-ஆவது பிரிவு, நிர்வாகிகள் தேர்தல் பற்றிய தகராறை உறுப்பினரே தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது. சிவில் கோர்ட் கிடையாது. தேர்தல் முடிந்த பிறகுதான் வர வேண்டும் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதவில்லை.

அண்ணன் தோற்றுவிட்டார். 61 ஓட்டு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து மனு எழுதினோம். ஹிந்தியில் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுக்காவ தூரமா எங்கயாச்சும் மாத்திடுவாங்களா தம்பி? பெரியவளுக்குப் பரீட்ச வருது" என்று கேட்டார். மாற்ற மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "வேணாம்னா விட்டுடலாம் அண்ணி" என்றேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுனத ஒருக்கா படிங்க, கேக்குறேன்" என்றார்.

ஜீப் எந்தத் தேதியில் எந்த தௌராவில் நின்றது என்று அண்ணன் பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். தௌரா என்றால் இங்கே தொழிலாளர் லைன் வீடுகள். நோட்டீஸ் போர்டை நாலு தடவை போனில் படமெடுத்திருக்கிறார். மூன்றாம் தேதிப் படம் மட்டும் வெளிச்சமில்லாமல் எழுத்தே தெரியவில்லை. அன்றைக்கு அதே போர்டை ஹாலேஜில் வேலை பார்க்கும் ஒரு பையனும் எடுத்தானாம். நாளை ஃபர்ஸ்ட் ஷிப்டில் அவனைப் பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.